விடியும் முன் கோயம்பேடு: காய்க்கும் பூவுக்கும் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அடுக்ககத்தில் ஐந்து வீடுகள் சேர்ந்து மூன்று ஆண்டுகளாகக் கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்வருகிறோம். பத்து நாளுக்கு ஒருமுறை, முடிந்தவரை வெள்ளிக்கிழமை விடியலில். ஒவ்வொரு முறையும் இரண்டு பேர் போவார்கள், மற்ற மூன்று வீடுகள் தூங்கும். அடுத்த முறை வேறு இரண்டு பேர். எங்களைப் பார்த்துப் பக்கத்துத் தெருவிலும் ஒரு குழு தொடங்கியது. அவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வாயால் சொன்னதை இங்கே எழுத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்கு, ஒரு வாரத்துக் காய்க்கு, விடியற்காலை எழுந்து கோயம்பேடு போவதில் பெரிய லாபம் கிடையாது. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று வாங்கினால் அங்கேயும் சில்லறை விலைதான். பெட்ரோல், வாகனக் கட்டணம், தூக்கம் எல்லாம் சேர்த்தால் தெருமுனைக் கடையே மேல். மூட்டையாகவும் பெட்டியாகவும் வாங்கிப் பிரித்துக்கொள்ள நாலைந்து வீடுகள் இருந்தால்தான் அந்த மார்க்கெட் உங்களுக்கானது. வீட்டில் விசேஷம் என்றால் அது வேறு கணக்கு, அதற்குக் கட்டாயம் போகலாம்.

இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜார்ஜ் டவுனில் இருந்த கொத்தவால் சாவடி மார்க்கெட்டை, நெரிசல் தாங்காமல் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் அம்மா இன்றைக்கும் வாய்தவறி "சாவடிக்குப் போயிட்டு வந்தியா?" என்றுதான் கேட்பார். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கட்டிய இந்த வளாகத்தின் பரப்பு 295 ஏக்கர். காய்கறிக்குத் தனி மார்க்கெட், பழத்துக்குத் தனி, பூவுக்குத் தனி. மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இந்த வசதியின் அருமை எங்களுக்கு 2020-ல் புரிந்தது. கொரோனா பரவியதால் அந்த ஆண்டு மே 5-ம் தேதி மார்க்கெட்டை மூடி, காய்கறியைத் திருமழிசைக்கும், பழத்தை மாதவரத்துக்கும், பூவை வானகரத்துக்கும் பிரித்து அனுப்பினார்கள். செப்டம்பர் 28-ம் தேதி காய்கறி மொத்த வியாபாரம் திரும்பி வரும்வரை தக்காளிக்கு ஒரு திசை, பூவுக்கு ஒரு திசை என்று சென்னை அலைந்தது.

முதல்முறை போகிறவர் குழம்புவது கடை வரிசையில். எல்லாச் சந்தும் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் நுழைந்த வாயிலின் எண்ணையும், வண்டி நிறுத்திய இடத்துக்கு எதிரே இருக்கும் கடைப் பலகையையும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். கையில் மூட்டையோடு வழி தேடி நிற்பது மிகவும் சிரமம்.

எத்தனை மணிக்குப் போவது?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன், அங்கே வியாபாரம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இரவெல்லாம் லாரிகள் வந்துகொண்டே இருக்கும். நாசிக் பக்கத்து வெங்காயம், ஆந்திராவின் மதனப்பள்ளியிலிருந்தும் கர்நாடகாவின் கோலாரிலிருந்தும் தக்காளி, நீலகிரியின் கேரட், பீட்ரூட், திண்டுக்கல் பக்கத்துச் சின்ன வெங்காயம், தெற்கத்தி முருங்கைக்காய். மண்டிக்காரர்களில் பலர் கமிஷனுக்கு விற்பவர்கள். சரக்கு விவசாயியுடையதாகவோ வெளியூர் வியாபாரியுடையதாகவோ இருக்கும். விற்ற காசில் கமிஷன் போக மீதியை அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் இரவு மறுபடி லாரி வந்துவிடும் என்பதால், அழுகக்கூடிய சரக்கை அவர்கள் அன்றைக்கே தள்ளியாக வேண்டும்.

ஆகவே நேரம் போகப்போகக் கீரை, கொத்தமல்லி, பழுத்த தக்காளி, உதிரிப் பூ எல்லாம் விலை இறங்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு அப்படி இறங்காது, நாளைக்கும் விற்கலாமே! ரகம் வேண்டும் என்றால் 3 மணிக்குப் போங்கள், ஓட்டல்காரர்களும் தள்ளுவண்டி வியாபாரிகளும் பொறுக்கி எடுக்கும் நேரம் அது. விலை மட்டும்தான் முக்கியம் என்றால் 8 மணிக்கு மேல் போங்கள், ஆனால் கிடைப்பதைத்தான் எடுக்க முடியும். குடும்பக்காரர்களுக்கு என் கணக்கு விடிகாலை நாலே முக்கால். அந்த நேரத்துக்குப் பெரிய கொள்முதல்காரர்கள் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள், கடைக்காரருக்கு உங்களோடு பேச ஒரு நிமிடம் இருக்கும், சரக்கிலும் நல்லது மிச்சமிருக்கும்.

கோயம்பேடு மெட்ரோ நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரயில் ஓடத் தொடங்கவே 5 மணி ஆகும், 50 கிலோ மூட்டையை அதில் ஏற்றவும் முடியாது. ஒரு கார், அல்லது தெரிந்த ஆட்டோக்காரர். விசேஷத்துக்கு வாங்கப் போனால் குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளே வாகனத்துக்குக் கட்டணம் உண்டு, சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முந்தின நாள் மாலை

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தப்பு செய்கிறார்கள். "பீன்ஸ் 2 கிலோ, அவரை 1 கிலோ" என்று காயின் பெயர் போட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு நீலகிரியில் மழை என்றால் பீன்ஸ் வரத்து பாதியாகியிருக்கும், விலை இரட்டிப்பாகியிருக்கும். பக்கத்திலேயே புடலங்காய் மலைபோல் குவிந்து கிடக்கும். கையில் இருக்கும் பட்டியல் புடலங்காயைப் பார்க்கவிடாது.

அதனால் பெயர் எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். ஐந்து வீட்டுக்கும் சேர்த்துப் பத்து நாளுக்குப் பொரியல் காய் எத்தனை கிலோ, சாம்பார் காய் எத்தனை கிலோ, கீரை எத்தனை கட்டு, கிழங்கு எவ்வளவு. அது மட்டும் போதும். எந்தக் காய் என்பதை மார்க்கெட் முடிவு செய்யட்டும். பெயர் சொல்லி வாங்க வேண்டியவை வெங்காயம், தக்காளி, உருளை, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகிய ஏழுதான். குழந்தைக்கு இது மட்டும்தான் இறங்கும், பெரியவருக்குச் சர்க்கரை நோய், கிழங்கு ஆகாது என்பதையெல்லாம் தனியே ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வெங்காயம் ஒரு மூட்டை 50 கிலோ, வீட்டுக்குப் பத்து கிலோ. வாரத்துக்கு மூன்று கிலோ ஆகும் வீட்டுக்கு அது மூன்று வாரம் தாண்டி வரும், ஆகவே ஒன்று விட்டு ஒரு பயணத்தில்தான் வெங்காயம் எடுப்போம். தக்காளி ஒரு பெட்டி 14 கிலோவோ 15 கிலோவோ இருக்கும், வீட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ. உருளைக்கிழங்கு எங்களுக்கு மூட்டையாகத் தேவைப்படாது, அதனால் அதைத் தெருக்கடையிலேயே வாங்குகிறோம். எல்லாவற்றையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் தினமும் கோயம்பேடு விலை வருகிறது. மாலையில் ஒரு பார்வை பாருங்கள். அது மூட்டைக் கணக்கில் எடுப்பவருக்கான விலை, உங்களுக்குக் கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று தெரிந்தால் போதும்.

அப்புறம் பைகள். தடித்த துணிப்பை ஆறேழு, காலிச் சாக்கு இரண்டு, தக்காளிக்கு உங்கள் சொந்தப் பிளாஸ்டிக் கூடை ஒன்று. கடையில் இருக்கும் பெட்டி மண்டிக்காரருடையது, உங்கள் பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். பையில் கொட்டினால் அடியில் கிடக்கும் தக்காளி வீடு வந்து சேராது. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை. 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரத்தை 2022-ல் கோயம்பேட்டில் வைத்தார்கள். ஆனால் மஞ்சப்பை மூட்டைச் சரக்குக்குத் தாங்காது, வீட்டிலிருந்து கொண்டுபோவதே சரி. பூவுக்கு ஒரு பருத்தித் துண்டும் மூடிபோட்ட அகலமான தூக்குவாளியும். பணத்தை 50, 100, 200 ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பணம் அனுப்பப் பெரும்பாலான கடைகளில் வசதி இருக்கிறது. ஆனால் நெரிசலில் சிக்னல் கிடைக்காமல் பின்னால் ஐந்து பேரை நிறுத்திவைப்பது நல்லாயிருக்காது.

காலுக்குப் பிடிமானமான செருப்பு, முடிந்தால் ஷூ. தரை முழுக்கக் கோஸ் இலையும் கீரைத் தண்டும் மிதிபட்டு வழுக்கும். மழை நாளில் கணுக்கால் அளவு சேறு. துப்பட்டாவையும் முந்தானையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், மூட்டை வண்டியில் மாட்டினால் ஆபத்து.

உள்ளே போனதும்: ஒரு சுற்று, கையில் எதுவும் வாங்காமல்

முதல் இருபது நிமிடம் பணப்பையைத் தொடக் கூடாது என்பது எங்கள் குழுவின் சட்டம். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து ஒரு சுற்று நடந்து வாருங்கள். எது குவிந்து கிடக்கிறது? எந்தக் காய் ஒவ்வொரு கடையிலும் இருக்கிறது? அதுதான் அன்றைக்கு மலிவு. எந்தக் காயைச் சுற்றி ஆள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள்? அதற்கு வரத்துக் குறைவு. மூன்று கடையில் நின்று விலை கேளுங்கள். "அண்ணே, மூட்டை என்ன ரேட்டு? பத்துக் கிலோ எடுத்தா என்ன?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்டால், சில்லறைக்கும் மொத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அங்கேயே தெரிந்துவிடும். வித்தியாசம் சின்னதாக இருக்கும் காயை மூட்டையாக எடுக்கத் தேவையில்லை.

வழி கொடுக்கும் பழக்கத்தையும் இந்தச் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். "வழி, வழி!" என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஓரம் ஒதுங்க வேண்டும். தலையில் 50 கிலோ சுமந்து வருகிறவருக்கு நின்றால் மறுபடி நடையைப் பிடிப்பது கஷ்டம். அவருக்குக் கூலி மூட்டைக் கணக்கில், நீங்கள் நடுவழியில் நின்று படம் எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியில் குறையும். இதை நான் மிக அழுத்தமாகச் சொல்கிறேன். அந்த மார்க்கெட் ஓடுவதே அவர்கள் கழுத்திலும் தோளிலும்தான். உங்கள் மூட்டையை வண்டிவரை கொண்டுவர லோடுமேனைக் கூப்பிட்டால், தூக்குவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், பேசியதில் பத்து ரூபாயைக் குறைக்கப் பார்க்காதீர்கள்.

வாங்கும் வரிசை

கனமும் கெட்டியுமானது முதலில்: வெங்காயம், கிழங்கு, தேங்காய், பூசணி, கோஸ். இவற்றை வண்டியில் ஏற்றிவிட்டு மறுபடி உள்ளே போங்கள். அடுத்து கத்திரி, வெண்டை, பீன்ஸ் போன்றவை. அதன் பிறகு தக்காளி. கடைசியில் கீரை, கொத்தமல்லி. இந்த வரிசையை மாற்றினால் வண்டியில் வெங்காய மூட்டைக்கு அடியில் தக்காளி மாட்டிக்கொள்ளும்.

வெங்காய மூட்டையை வெளியே இருந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. வலைச் சாக்கின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். ஒரு அழுகல் உள்ளே இருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். தோல் சலசலவென்று காய்ந்து, கழுத்து ஒடுங்கி இருந்தால் அது பழைய வெங்காயம், மூன்று வாரம் தாங்கும். தோல் ஒட்டிக்கொண்டு கழுத்து தடித்திருந்தால் புது வெங்காயம், விலை குறைவாக இருக்கும், ஆனால் பத்து நாளில் முளைக்கவோ அழுகவோ செய்யும். வீட்டில் சேமிக்கப் பழையதுதான். சாம்பார் வெங்காயத்துக்கும் இதே சோதனைதான்.

தக்காளியில் நாட்டுத் தக்காளி, நவீன் தக்காளி என்று பேசுவார்கள். நாட்டுக்குப் புளிப்பும் சாறும் அதிகம், ரசத்துக்கும் சட்னிக்கும் அதுதான். நவீன் கெட்டித் தோல், கூட இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு வீட்டுக்காக வாங்கும்போது எது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஐந்து வீட்டுக்கென்றால் பாதி செங்காய், பாதி பழம் கலந்த பெட்டியாகப் பாருங்கள். பெட்டியின் மேல் வரிசையை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் இரண்டாவது பயணத்தில், மேலே கண்ணாடிபோல் மின்னிய ஒரு பெட்டியை வாங்கி வந்தோம். வீட்டில் கொட்டிப் பார்த்தால் கீழ்ப்பாதி முழுக்க வெடித்த பழம். அன்றைக்கு ஐந்து வீட்டிலும் தக்காளித் தொக்கு. அதற்குப் பிறகு, "அண்ணே, எங்க கூடையில கொட்டிக் குடுங்க" என்று சொல்லி, கொட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறோம். நியாயமான கடைக்காரர் மறுக்கவே மாட்டார். மறுத்தால் அடுத்த கடை.

ஊட்டி கேரட் கழுவி வரும், பளபளவென்று இருக்கும், சீக்கிரம் வதங்கும். மண்ணோடு கிடைத்தால் மண்ணோடே வாங்குங்கள். கத்திரிக்காய்க்குக் காம்பைப் பாருங்கள், பச்சையாக இருந்தால் நேற்றுப் பறித்தது. அளவுக்கு மீறி கனத்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். முருங்கைக்காயை இரண்டு கையாலும் லேசாக முறுக்கினால் வளைந்துகொடுக்க வேண்டும், விறைப்பாக நின்றால் முற்றல். வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்ப்பதை மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். அத்தனை பேரும் ஒடித்தால் அந்த நுனி போன காயை அவர் யாருக்கு விற்பார்? விரலால் தொட்டாலே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடும்.

பேரத்தைப் பற்றி. மண்டியில் தெருக்கடைபோல் நீண்ட பேரம் கிடையாது. விலையைச் சொல்வார்கள், நீங்கள் ஒருமுறை கேட்கலாம், ஒன்றிரண்டு ரூபாய் குறையும் அல்லது குறையாது. எடை போடச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று நகர்வது பெரிய அவமரியாதை, அதுவும் முதல் போணியாக இருந்தால் அவர் மனசு நாள் முழுக்கச் சங்கடப்படும். எடை போடும் முன் தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், உங்கள் கூடையின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். கொசுறாக நாலு பச்சை மிளகாயோ ஒரு கொத்து கறிவேப்பிலையோ சில்லறைக் கடைகளில் கேட்கலாம். அதே கடைக்குத் தொடர்ந்து போனால் கேட்காமலே வரும். எங்களுக்கு வெங்காயம் தரும் ஒரு அண்ணன், "இன்னிக்கு வேணாம்மா, சரக்கு ஈரமா இருக்கு, அடுத்த தரம் வாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் விடாதீர்கள்.

எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்றும் ஓரளவு தெரிந்திருக்கட்டும். பங்குனி முதல் வைகாசிவரை முருங்கைக்காயும் மாங்காயும் மலிவு. கார்த்திகை, மார்கழியில் முருங்கை எட்டாத உயரத்துக்குப் போகும், அப்போது அதை மறந்துவிடுங்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து பச்சைப் பட்டாணி வரும், தையில் மொச்சையும் சேப்பங்கிழங்கும் கருணையும் குவியும். தக்காளி யாருக்கும் கட்டுப்படாது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது நாங்கள் பெட்டி எடுப்பதை நிறுத்திவிட்டு, புளியும் மாங்காயுமாகச் சமாளித்தோம்.

பூ மார்க்கெட்

காயை எல்லாம் ஏற்றி முடிக்கும்போது ஆறு மணி ஆகியிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டுப் பூவுக்குப் போங்கள். பூவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அது வண்டியில் எதற்கும் கீழே போகக் கூடாது, யார் மடியிலாவது உட்கார்ந்து வர வேண்டும். கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ கிலோ கணக்கில் எடுப்பதாக இருந்தால் மட்டும் வரிசையை மாற்றிப் பூவுக்கு முதலில் போய் விலை பேசிவிட்டு, எடுத்து வைக்கச் சொல்லிக் காய்க்குப் போகலாம்.

வாசலிலேயே மரிக்கொழுந்தும் சம்பங்கியும் துளசியும் ஒன்றாகக் கலந்து மூக்கில் வந்து மோதும். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் என் கால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. சாமந்தி மஞ்சள் குன்றாகக் கொட்டிக் கிடக்கும், பக்கத்தில் பன்னீர் ரோஜா, செவ்வரளி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. கொத்து ரோஜா ஓசூர்ப் பக்கத்திலிருந்து காகிதம் சுற்றி வருகிறது. மல்லி, முல்லை, ஜாதிமல்லி, கனகாம்பரம் எல்லாம் உதிரியாக எடைக்கு.

மல்லிக்கு ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். அரும்பாக இருக்கும்போதே, பொழுது விடியும் நேரத்தில் பறிக்கிற பூ அது. மாலையில்தான் மலரும். ஆகவே காலையில் விரிந்து நிற்கும் மல்லி நேற்றையது. அரும்பு நீண்டு, வெள்ளையாக, இறுக மூடி இருக்க வேண்டும். பச்சைச் சாயல் தெரிந்தால் முதிராமல் பறித்தது, அது மலரவே மலராது. கையில் ஒரு பிடி எடுத்து விரித்துப் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டினால் தண்ணீர் தெளித்து எடையைக் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் தடித்த இதழும் வாசனையும் தனி, ஆனால் குவியலில் இருக்கும் எல்லா மல்லியையும் அந்தப் பெயரில் சொல்லி விற்பார்கள். பெயருக்காகக் கூடுதல் கொடுக்க வேண்டாம், அரும்பைப் பார்த்துக் கொடுங்கள்.

மல்லிக்கு நல்ல காலம் கோடை. மார்கழி, தையில் பனியால் வரத்துச் சுருங்கி கிலோ 1,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது, முகூர்த்த நாளும் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் இருக்கும் நாளுக்கு முந்தின நாளும் அன்றைக்கும் பூ வாங்கப் போகாமல் இருந்தாலே பாதிச் செலவு மிச்சம். பனிக்காலத்தில் பூஜைக்குச் சாமந்தியும் சம்பங்கியும் போதும், நன்றாகக் கிடைக்கும். கனகாம்பரத்துக்கு எந்த மாதமும் கிலோ விலை அதிர்ச்சியாக இருக்கும். பயப்படாதீர்கள், எடையே இல்லாத பூ அது. 50 கிராம் வாங்கினால் இரண்டு தலைக்கு வரும்.

ஆயுதபூஜை, பொங்கல், விநாயகர் சதுர்த்திக்கு முன்பு வளாகத்தில் சிறப்புச் சந்தை போடுவார்கள். கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, வாழைக்கன்று, பொரி எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். அந்த நாட்களில் கார் வேண்டாம். உள்ளே போனால் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும்.

வாங்கிய பூவைத் துண்டில் பரப்பி, துண்டை லேசாக நனைத்துச் சுற்றித் தூக்குவாளியில் வையுங்கள். பூ மேல் நேராகத் தண்ணீர் தெளிக்காதீர்கள், அரும்பு கறுத்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஏழரைக்குள் வீடு வந்துவிடலாம். களைப்பில் அப்படியே போட்டுவிட்டுப் படுக்கத் தோன்றும், கூடாது. இதற்குள் தூங்கி எழுந்த மூன்று வீட்டுக்காரர்கள் கீழே இறங்கி வந்து வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. வாகன நிறுத்தத்தில் பழைய போர்வை இரண்டை விரித்து எல்லாவற்றையும் கொட்டுகிறோம். கொக்கித் தராசு ஒன்று வைத்திருக்கிறோம், அதில் நிறுத்து ஐந்து கூறாகப் பிரிப்போம். போனவர்கள் கூறு போடுவார்கள், போகாதவர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். மூன்று ஆண்டில் ஒரு மனத்தாங்கல் கூட வராததற்கு இந்த ஒரு வழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு நோட்டில் காய் விலை, லோடுமேன் கூலி, பெட்ரோல், வாகனக் கட்டணம், இரண்டு டீ உட்பட எல்லாம் எழுதி ஐந்தால் வகுத்து அன்றைக்கே பணத்தை வாங்கிவிடுங்கள். பாக்கி வைத்தால் அடுத்த பயணத்துக்குள் கணக்கு மறந்துவிடும். பூவின் விலை தனி, வேண்டியவர் மட்டும் கொடுப்பது.

பிரித்த காயை அவரவர் வீட்டில் வைப்பதற்கும் கவனம் தேவை. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடக் கூடாது, இரண்டும் சீக்கிரம் கெடும். வெங்காயம் காற்றோட்டமான தரையில், கிழங்கு இருட்டில். கேரட், பீட்ரூட்டின் தலைக் கீரையை வெட்டிவிடுங்கள், விட்டால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கொத்தமல்லியை வேரோடு ஈரம் துடைத்துத் துணியில் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும். தக்காளிச் செங்காய் வெளியே, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி. கீரையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள், அதற்கு வேறு வழி கிடையாது.

மல்லியைப் பகலில் துண்டோடு நிழலில் வைத்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் கட்ட உட்காருங்கள். வாழைநார் ஒரு சுருள் பூ மார்க்கெட்டிலேயே கிடைக்கும், கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறினால் அறுபடாது. எங்கள் மூன்றாவது மாடியில் இருக்கும் பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, ஆனால் விரல் பழுது இல்லை. ஐந்து வீட்டுப் பூவும் அவர் மடிக்குத்தான் போகிறது. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

வெங்காயச் சாக்கை உதறி மொட்டை மாடி வெயிலில் காயப்போட மறக்காதீர்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்ததும் மடித்து, நோட்டையும் கொக்கித் தராசையும் அதற்குள் வைத்து, அடுத்த முறை போகும் வீட்டு வாசலில் வைத்துவிடுங்கள்.